யார்க்கருக்கு முன்னால் முழங்கால்

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் என்றாலே எங்க பையன்களுக்கு யார்க்கர்தான், மட்டையாளரின் காலடியில் விழும் அந்தப் பந்து. எனக்கு அவர் முழங்கால்தான் நினைவுக்கு வரும்.

ராஜாக்கமங்கலம் பக்கம், தென்னந்தோப்பை ஒட்டிய வெளியில் சாயங்காலம் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிறேன். டென்னிஸ் பந்தில் கனமும் இல்லை, தையலும் இல்லை. கை வேகம்தான் எல்லாம். அப்படிப் பழகித்தான் சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து அவர் மேலே வந்தார். 2020-21இல் வலைப் பந்துவீச்சாளராக, அதாவது பயிற்சியில் இந்திய அணிக்குப் பந்து போடுபவராக, ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட். சதம் அடித்திருந்த லபுஷேனும் அதில் உண்டு. என்ன ஒரு தொடக்கம்! ஆனால் 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அடுத்த டெஸ்ட் வாய்க்கவே இல்லை. இப்போ நினைத்தாலும் மனசு கேட்காது.

பந்தை விடும் நேரத்தில் ஊன்றுகிற முன்கால், உடம்பு எடையைப்போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. எங்க இடதுகைப் பையன் ஒருத்தன் வலது குதிகாலை ஊன்றும் இடத்தில் மண் குழியே விழுந்துவிடும். அதைக் காட்டித்தான் ஓவரைக் குறைக்கச் சொல்வேன். "அண்ணா, ஒரே ஒரு ஓவர்" என்று கெஞ்சுவான். பந்தை வாங்கி வைத்துவிடுவேன்.