வீட்டுக்குப் பின்னால் ஓர் ஏரிக்கரை

ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்குச் சற்று வெளியே வீடு வாங்கியபோது பின்னால் ஏரி இருப்பதுதான் எங்களுக்குப் பெருமை. தூண்டில் போடலாம், சின்னப் படகு விடலாம். ஏரியைத் தாங்கும் மண்கரைக்கும் நாங்களே பொறுப்பு என்பது, குடியிருப்போர் சங்கத்தில் நான் சேர்ந்த பிறகு வந்த அரசுக் கடிதத்தைப் பார்த்துத்தான் உறைத்தது. உங்கள் அணை இனி முதல் வகை என்றது கடிதம்.

கரை அப்படியேதான் இருந்தது. கீழே ஓடையோரம் புது வீடுகள் வந்துவிட்டன. இங்கே கரை எவ்வளவு பலம் என்று பார்த்து வகை பிரிப்பதில்லை. உடைந்தால் கீழே உயிர் போகுமா என்பதுதான் கணக்கு.

"இந்தக் குட்டைக்கா இவ்வளவு?" என்று கூட்டத்தில் ஒருவர் கொதித்தார். நாங்கள் அமர்த்தியிருந்த பொறியாளர், இதே மாநிலத்தில் உள்ள டொக்கோவா என்ற ஊரைச் சொன்னார். 1977 நவம்பர் 6 அதிகாலை அங்கே கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்தது. அதுவும் நாற்பது அடிக்குள் நின்ற மண்ணணைதான். கீழே இருந்த பைபிள் கல்லூரியில் 39 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே மாநிலத்தில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் யாரும் குட்டை என்று சொல்லவில்லை.

அவர் முதலில் கைவைத்தது மரங்களில். நம் ஊரில் கரை நிற்க வேண்டுமென்று பனை வைப்பார்கள். இங்கே கரையில் மரமே ஆகாது. பைன் சாய்ந்தால் வேரோடு கரைமண்ணும் பெயரும். பட்டுப்போனாலோ, மட்கிய வேர்த்தடத்தில் தண்ணீர் வழி பிடிக்கும். மரம் வெட்டிய அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி என்னோடு பேசவில்லை.

கரைக்கு அடியில் போகும் இரும்புக் குழாய்க்குள் கேமரா விட்டதில், அடிப்பாகம் துருவில் சல்லடையாகியிருந்தது. செலவைக் கேட்டதும், கரையை வெட்டி ஏரியையே எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். அதற்கும் வரைபடம், அனுமதி எல்லாம் வேண்டுமாம். சரி, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தோம். நீரை இறக்கி, பழைய குழாய்க்குள் புதுக் குழாயைச் செருகி, இடைவெளியில் சிமென்ட் குழம்பு ஊற்றினார்கள். கோடை முழுக்கச் சேற்று நாற்றம்.

கரையடியில் கசிவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தெளிவாக வந்தால் கவனித்தால் போதும், கலங்கலாக வந்தால் மண் அரிக்கிறது, உடனே கூப்பிடுங்கள் என்றார் பொறியாளர். பெருமழைக்கு மறுநாள் காலையில் காலி ஊறுகாய்ப் புட்டியோடு இறங்கிப் போய்ப் பிடித்துப் பார்க்கிறேன்.