முதல் பந்தி இல்லாத விருந்து

எழுபதைக் கடந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வெறும் மேசையின் முன் அமர்ந்திருக்க, சுற்றியிருந்த எங்கள் எல்லோருக்கும் தோசை வந்துவிட்டது. அமெரிக்காவில், டாலஸின் வடக்குப் புறநகர் ஒன்றில், நம்மூர்ச் சாப்பாடு போடும் உணவகத்தில் நடந்தது இது. நண்பரின் பெற்றோர், பார்வையாளர் விசாவில் கிடைத்த ஆறு மாதம் முடிந்து மதுரைக்குத் திரும்பவிருந்தார்கள். அவர்களை வழியனுப்பத்தான் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, பதினாறு பேராகப் போயிருந்தோம்.

முன்கூட்டியே சொல்லி இடம் பிடித்திருந்தும் வாசலில் வெகுநேரம் நிற்க வைத்தார்கள். தண்ணீர் கேட்டுக் கேட்டு வந்தது. வந்தபோது தண்ணீரைவிட ஐஸே அதிகமாக இருந்தது. இவற்றை நான் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் நண்பரின் அப்பா எட்டு மணிக்கே, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது மணியாகியும் அவருக்கு ஓர் இட்லிகூட வரவில்லை. செல்பேசியில் ஆர்டர் செய்தவர்களுக்கான பொட்டலங்கள் மட்டும் கல்லாவின் மேல் வரிசையாக வந்து, உடனுக்குடன் வெளியே போய்க்கொண்டிருந்தன. என் மகளுக்கு வந்த மாம்பழ லஸ்ஸியை அவரிடம் நகர்த்தினோம். “பிள்ளை குடிக்கட்டும் தம்பி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை” என்றார். வற்புறுத்தித்தான் குடிக்க வைத்தோம்.

அவர்களுக்கு வராமல் எங்களுக்கும் கை எழவில்லை. நெய் ரோஸ்ட்டெல்லாம் விறைத்துப் போயின. பரிமாறிய பெண், படித்துக்கொண்டே பகுதிநேரமாக வேலை பார்க்கும் மாணவி போலிருந்தார், “ஆறுகிறதே, ஏன் சாப்பிடவில்லை?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். கூடம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. பதினாறு பேருக்கு இடம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு ஒரே ஆளை ஓடவிட்ட உரிமையாளர்மேல்தான் கோபம்.

இந்த நாட்டு வழக்கங்கள் எனக்குப் பழகிவிட்டன என்றே நினைத்திருந்தேன். ஆறரை மணிக்கே இரவுச் சாப்பாடு, பில்லை ஆளுக்கொரு கார்டாகப் பிரிப்பது, மிச்சத்தை டப்பாவில் கட்டிக்கொள்வது எதுவும் உறுத்துவதில்லை. அன்றைக்கு மட்டும் மனம் மதுரைக் கல்யாண மண்டபத்திலேயே போய் நின்றது. கூட்டத்துக்குள் புகுந்து, பெரியவர்களைத் தேடிப்பிடித்து, கையைப் பற்றி அழைத்துவந்து முதல் பந்தியில் உட்கார வைப்பதற்கென்றே எங்கள் குடும்பத்தில் ஒரு மாமா இருந்தார். இலையில் தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் கூட்டும் பொரியலும் வைத்து, கடைசி இலைக்குச் சாம்பார் போய்ச் சேரும்வரை சோற்றில் கை வைப்பவர் அரிது. ரசத்துக்கு முன்னால் எழப் பார்ப்பவரின் தோளை அழுத்தி மறுபடியும் உட்கார வைத்துவிடுவார் மாமா. அந்தக் கைக்கு யாரும் தப்பியதில்லை.

பில் வந்தபோது, 8.25 சதவீத விற்பனை வரியோடு 18 சதவீத உபசரிப்புத் தொகையும் தானாகவே சேர்ந்திருந்தது. டிப்ஸ் கொடுப்பதில் எனக்குச் சுணக்கம் இல்லை. டெக்ஸாஸில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991 முதல் மாறாமலிருக்கும் தொகை அது. டிப்ஸையும் சேர்த்து, குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 7.25 டாலரை எட்டவில்லை என்றால்தான் முதலாளி மீதியை ஈடுகட்ட வேண்டும். ஆனால் இப்படிக் கட்டாயமாகச் சேர்க்கும் தொகையை வரித்துறை டிப்ஸாகக் கருதுவதில்லை. அது முதலில் கடையின் வருமானம். அந்தப் பெண்ணின் கைக்கு அதில் எவ்வளவு போகும் என்பது உரிமையாளரைப் பொறுத்தது. நம் நாட்டில், சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மேலாளரோ, ஆறு பேருக்கு மேல் என்றால் கணினியே போட்டுவிடும், எடுக்க முடியாது என்றார். பெரியவரிடம் வந்து ஒரு வார்த்தை வருத்தம் தெரிவியுங்கள் என்று கேட்டேன். பணத்தைவிட அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் வரவில்லை. முழுத்தொகையையும் கட்டிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகக் கொஞ்சம் பணம் கொடுத்தோம்.

வீட்டுக்குப் போனதும் நண்பரின் அம்மா தாமே அரிசியைக் களைந்து குக்கரில் வைத்துவிட்டாராம். ஊருக்குக் கிளம்புகிறவர் தம் வழியனுப்பு விருந்துக்குத் தாமே உலை வைத்தார் என்பதை நண்பர் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு நண்பரின் பெற்றோர் கிளம்புகிறார்கள். விருந்து எங்கள் வீட்டில்தான் என்று முடிவாகிவிட்டது. உறைய வைத்த வாழையிலை இந்தியக் கடையில் கிடைக்கிறது. மடித்த இடத்தில் கிழியாமல் பிரிப்பதுதான் சிரமம். முதல் பந்தியில் பெரியவர்கள் மட்டும் உட்கார்கிறார்கள். பாயசத்தை யார் எடுத்துவருவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாம்பார் வாளியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.