கார்டு, டைட்டர், ஊசி: ராயபுரம் லேப் நாட்குறிப்பு

மே 5, திங்கள்

அக்னி நட்சத்திரம் இரண்டாம் நாள். காலை பத்து மணிக்கே லேப் வெப்பமானியில் 33. சிபிலிஸ் என்ற பால்வினை நோயைத் தேடும் ஆர்பிஆர் ரத்தச் சோதனைக் கார்டு போட 23 முதல் 29 டிகிரிதான் கணக்கு. அதைத் தாண்டினால் நெகட்டிவ் சீரமும் (ரத்தத்தின் தெளிநீர்) பாசிட்டிவ் சாயல் காட்டும். ஏசி மிஞ்சிக் குளிர்ந்தால் லேசான பாசிட்டிவ் தப்பிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆன்டிஜெனையும் (சீரத்தோடு சேர்க்கும் கரித்துகள் கலந்த திரவம்) அறைச் சூட்டுக்கு வரவிட்ட பிறகே தொட வேண்டும்.

கார்டின் ஒரு வட்டத்துக்கு 50 மைக்ரோலிட்டர் சீரம். விளிம்புவரை பரப்ப வேண்டும். ஆன்டிஜென் பாட்டிலைக் குலுக்கி, அதன் ஊசியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே சொட்டு. சாய்த்தால் சொட்டின் அளவே மாறிவிடும். குச்சியால் கலக்கக் கூடாது, ரோட்டேட்டர் பார்த்துக்கொள்ளும்: நிமிடத்துக்கு 100 சுற்று, 8 நிமிடம், ஈரப் பஞ்சு வைத்த மூடிக்குள். மூடாமல் ஃபேனுக்குக் கீழே விட்டால் ஓரம் காய்ந்து கரித்துகள் ஒதுங்கும். அதையும் பாசிட்டிவ் என்று எழுதிவிடுகிறார்கள். நிஜமான பாசிட்டிவ் பால் திரிவதுபோல இருக்கும்: சாம்பல் நிறம் உடைந்து கறுப்புத் திரிகள் தனியே நிற்கும்.

மே 6, செவ்வாய்

கார்டு கிருமியைப் பார்ப்பதில்லை. சிபிலிஸ் கிருமியான ட்ரெபோனிமா பாலிடம் 0.2 மைக்ரான் பருமன்கூடத் தேறாது. கிராம் சாயம் போட்டுத் தேடினால் கிடைக்காது. புண்ணில் கசியும் நீரைச் சுடச்சுட டார்க் ஃபீல்ட் (பின்புலம் இருட்டாகத் தெரியும்) மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இருட்டில் வெள்ளிச் சுருள் ஒன்று தன்னைத்தானே திருகிக்கொண்டு போகும். ஸ்லைடு காய்ந்தால் அசைவு போச்சு. வாய்ப்புண்ணுக்கு இந்தச் சோதனை வேண்டாம். வாயில் இதன் சாயலில் வேறு சுருள் கிருமிகள் குடியிருக்கின்றன.

கார்டு பிடிப்பது கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான ஆன்டிபாடியை. தொழுநோய், மலேரியா, லூபஸ், சில சமயம் கர்ப்பம், இவற்றிலும் அது எழும். டிபிஹெச்ஏ (இந்தக் கிருமிக்கே எதிரான ஆன்டிபாடியைத் தேடும் சோதனை) பார்க்காமல் யார் தலையிலும் சிபிலிஸ் என்று எழுதக் கூடாது.

மே 8, வியாழன்

முதல் புண், தொற்றி 10 முதல் 90 நாளுக்குள் வரும், சராசரி 21. வலிக்காது, அடியில் தொட்டால் கெட்டியாக இருக்கும், 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறிவிடும். களிம்பு போட்டவர் களிம்புக்குப் பெயர் கொடுத்துவிடுவார். புண் வந்த முதல் நாட்களில் ஆர்பிஆர் நெகட்டிவாக இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

அடுத்த கட்டத்தில் சிக்கல் வேறு. உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பு, கார்டிலோ நெகட்டிவ் அல்லது லேசான சொரசொரப்பு. ஆன்டிபாடி மிதமிஞ்சி இருந்தால் திரியே விழாது; இதுதான் புரோசோன். சீரத்தை 1:16 வரை நீர்த்துப் போட்டால் பளிச்சென்று திரிகிறது. தடிப்பு இருக்கிறவர் சீட்டில் டாக்டர் ‘டைல்யூஷன் செய்க’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதுவதில்லை.

மே 9, வெள்ளி

இந்தக் கிருமி இரண்டாகப் பிரிய 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பென்சிலின் பிரியும் கிருமியைத்தான் அடிக்கும் என்பதால் மருந்து நாள்கணக்கில் ரத்தத்தில் நிற்க வேண்டும். பென்சதின் பென்சிலின் அதற்காகவே கரையாத மாவாக இருக்கிறது. ஊசி அடைப்பதும் அதனால்தான்.

அளவு 24 லட்சம் யூனிட். குப்பியில் ஸ்டெரைல் வாட்டர் விட்டுக் கட்டியில்லாமல் குலுக்கி, 21 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த ஊசியில் ஏற்றி, இடுப்புத் தசையில் இரு பக்கமும் பாதிப்பாதி. பிஸ்டனைப் பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகே அழுத்த வேண்டும். ரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கு ஆபத்து. கை நிற்காமல் ஒரே சீராக அழுத்த வேண்டும். நடுவில் நிறுத்தினால் மாவு படிந்து அடைக்கும், பாதி மருந்து சிரிஞ்சிலேயே தங்கும். பென்சிலின் ஒவ்வாமை கேட்டாயிற்றா, அட்ரினலின் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அன்றிரவு காய்ச்சல், உடம்புவலி வந்தால் அது ஒவ்வாமை அல்ல. செத்த கிருமி கிளப்பும் கலகம், ஒரு நாளில் அடங்கும்.

மே 10, சனி

இரட்டைச் சோதனைக் கார்டு (எச்ஐவியும் சிபிலிசும் சேர்ந்தது) ஒருமுறை பாசிட்டிவ் காட்டினால், குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுசுக்கும் காட்டும். மருந்து வேலை செய்ததா என்பதை ஆர்பிஆர் டைட்டரில்தான் (சீரத்தை எவ்வளவு நீர்த்தாலும் திரி விழுகிறது என்ற அளவு) பார்க்க முடியும்: 1:64 இருந்தது 1:16 ஆனால் நல்லது. 1:16 இருந்தது 1:8 ஆனதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, சோதனையின் இயல்பான ஊசலாட்டம் அவ்வளவு.

எப்போது தொற்றியது என்று தெரியாதவருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி. கர்ப்பிணிக்கு இடைவெளி 9 நாளைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. காசிமேட்டு விசைப்படகு ஆட்கள் கடலுக்குப் போனால் அந்த வாரக்கணக்கு கெட்டுவிடும். மீன்பிடித் தடை ஜூன் 14 வரை. மே 31க்குள் முதல் ஊசி போட்டவருக்கு மூன்றாவது ஜூன் 14இல் விழும். மறுநாள் படகு கிளம்பிவிடும்.