நண்பனின் கணினியைத் திறக்கும் முன்

வளர்ந்து வந்த இசையமைப்பாளன் ஒருவன் திடீரென்று போய்விட்டால், காரியம் முடிந்த கையோடு வீட்டிலிருந்து அழைப்பு வரும்: "அவன் சிஸ்டத்துல என்னென்ன இருக்குன்னு வந்து பாருப்பா." கூட வேலை பார்த்த சவுண்ட் இன்ஜினியரோ கீபோர்ட் புரோகிராமரோதான் போக வேண்டும். அழுதுகொண்டே செய்கிற வேலை. அந்த நேரத்தில் கை தவறுவது எளிது.

எந்த ப்ராஜெக்டையும் (ஒரு பாட்டின் வேலை ஃபைல்) உடனே திறக்காதீர்கள். மொத்த டிஸ்கையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதியெடுத்து, ஒன்றை வீட்டாரிடம் கொடுங்கள். மற்றதில்தான் வேலை. 1791இல் மொஸார்ட் இறந்தபோது அவருடைய ரெக்வியம் (இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை) பாதியில் நின்றது. 'லாக்ரிமோசா' பகுதியில் அவர் எழுதியிருந்தது முதல் 8 பார்கள் (தாளச் சுற்றுகள்) மட்டும்தான். பின்னர் அவருடைய உதவியாளர் சூஸ்மயர் முடித்துக் கொடுத்தார். தாள் மிஞ்சியிருப்பதால் எது யார் கை என்று ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். வாசித்த ஸ்வரத்தைக் கணினி குறித்துவைக்கும் மிடி நோட்டுக்குக் கையெழுத்து கிடையாது. ஒருமுறை சேவ் கொடுத்தால், அவன் வைத்த நோட்டும் நாம் நகர்த்திய நோட்டும் கலந்துவிடும்.

சிஸ்டத்தை அப்டேட் செய்யக் கூடாது, பழைய ப்ளக்இன்கள் (ஒலியும் எஃபெக்டும் தரும் துணை மென்பொருள்கள்) திறக்காமல் போகலாம். மாதச் சந்தாவில் ஓடும் ப்ளக்இன்கள் அவன் கார்டு முடங்கியதும் ஊமையாகிவிடும். அதற்குள் ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் பாரிலிருந்தே, எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று என 24 பிட் வேவ் ஃபைலாக பவுன்ஸ் செய்யுங்கள், அதாவது ஆடியோவாக வெளியே எடுங்கள். சாம்பிள் ரேட்டை அவன் 48 கிலோஹெர்ட்ஸில் வைத்திருந்தால் 48, 44.1 என்றால் அதுவே. மிடியும் டெம்போ மேப்பும் (பாட்டின் வேகக் குறிப்பு) தனியாக. சில சின்த்கள் (மின்னணு ஒலிக்கருவிகள்) ஒவ்வொரு முறையும் சற்று மாறி ஒலிக்கும். அவன் கடைசியாக அனுப்பிய ரஃப் மிக்ஸோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்க வேண்டும்.

உண்மையான புதையல் போனில் இருக்கும். தத்தகாரத்தில் பாடிவைத்த டியூன்கள், வாய்க்கு வந்த டம்மி வரிகள், நடுவே சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடும் குரல். பாஸ்கோடை ஊகித்து அழுத்திப் பார்க்க வேண்டாம். அமைப்பைப் பொறுத்து, ஐபோனில் பத்தாவது தவறில் எல்லாமே அழிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியும் பெயரும் மாறிவிடலாம், கேபிளில் எடுங்கள். ஃபேன் சத்தம் என்று நாய்ஸ் ரிடக்ஷன் போடாதீர்கள். மூச்சும் கமகத்தின் நுனியும் சேர்ந்தே போய்விடும், இனி அந்தத் தொண்டை பாடப் போவதில்லை.

துக்க வீட்டில் யாராவது "மொத்த உரிமைக்கும் ஒரே தொகை" என்று காகிதம் நீட்டினால், கையெழுத்தை நிறுத்திவையுங்கள். இந்தியாவில் இசைப் படைப்பின் காப்புரிமை (காபிரைட்), இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 2012 திருத்தத்தின்படி, படப் பாடலுக்கான ராயல்டி உரிமையைச் சட்டப்படியான வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதித் தர முடியாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

டியூனை முடித்துத் தரச் சொன்னால், புதுப் பிரதியில் செய்யுங்கள். அவன் ட்ராக்குகளை லாக் செய்து, நம்முடையதை வேறு நிறத்தில் வையுங்கள். இசை என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும். நிறைவு செய்தவர் பெயர் அடுத்த வரியில்.