வெள்ளைத் துணியில் ஓர் இலை: ஓ'கீஃப் சட்டை, நான்காம் வாரம்

பூக்களைத் திரை முழுக்கப் பெரிதாக வரைந்த அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் (1887–1986) தன் உடைகளில் பலவற்றைத் தானே தைத்துக்கொண்டவர். 2017இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களோடு உடைகளையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. அதில் 1930களைச் சேர்ந்த ஒரு வெள்ளை லினன் சட்டை. அவர் கையால் தைத்தது என்றே கருதப்படுகிறது. முன்பக்கத்தில் இலை வடிவம். வண்ண நூலே கிடையாது. துணியை மெல்லிசாகக் கிள்ளி, அந்த மடிப்பைத் தைத்து நிறுத்தும் 'டக்' பிடித்தே இலை வந்திருக்கிறது. படத்தைப் பார்த்த அன்றே இதைத் தைத்துவிட வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

முதல் வாரம் வீண். ரவிக்கைக்குச் செய்வதுபோல் முன்பாகத்தை அளவாக வெட்டிவிட்டு டக் பிடித்தேன். 2 மி.மீ. உயரமுள்ள ஒரு டக், 4 மி.மீ. துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இருபது முடிந்தபோது 8 செ.மீ. குறைந்திருந்தது, தோளும் கழுத்தும் சேரவில்லை.

இரண்டாவது முறை துணியை நனைத்துக் காயவைத்து, டக் எல்லாம் பிடித்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்திரியைத் தொட்டேன்.

நரம்புகள் நேர்கோடு, அவை தொல்லை தரவில்லை. இலையின் ஓரம்தான் படுத்தியது. வளைவில் துணி குறுக்குவாட்டில் இழுபடும். மெஷினில் போட்டதும் சுருங்கிக்கொண்டது. பிரித்துவிட்டுக் கையில் எடுத்தேன். கிள்ளலை 1 மி.மீ. ஆக்கி, ஓட்டுத் தையலை மிகப் பொடியாகப் போட்டால் மட்டும் வளைவு சொன்னபடி கேட்கிறது. ஒரு பக்க ஓரத்துக்கே மூன்று மாலைகள்.

தைத்ததை ஜன்னலோரம் மாட்டினேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது இலை முழுசாகத் தெரிந்தது. உச்சிப் பொழுதில் காணாமல் போனது. அது நிழலால் மட்டும் வரைந்த கோடு! உடனே 1920களில் நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் ஓ'கீஃப் வரைந்த இலை ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இலைகளில் ஒவ்வொரு விளிம்பும் அத்தனை துல்லியம். தூரிகை பிடித்த கை ஊசியிலும் அதையே செய்திருக்கிறது என்பதை, விரல் வலிக்க அந்த வளைவைத் தைத்த பிறகுதான் நம்பினேன்.

ஓவியங்களில் அவ்வளவு நிறம். உடுத்தியதோ பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும். கணவரும் புகைப்படக் கலைஞருமான ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் 1917 முதல் அவரை 300க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருக்கிறார். கறுப்பு மேலங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் அந்தப் படங்களில் எப்படி விழும் என்று தெரிந்தே உடுத்தினார் என்பது என் எண்ணம். 1929இல் நியூ மெக்சிகோ போகத் தொடங்கிய பிறகு ஜீன்ஸும் நீலமும் சேர்ந்தன. பிடித்த ஒரு சுற்றுக்கட்டு உடையை ஒரே வெட்டில் பல நிறங்களில் திரும்பத் திரும்பத் தைக்க வைத்துக்கொண்டார். சிற்பி அலெக்சாண்டர் கால்டர் செய்து தந்த, உடையில் குத்திக்கொள்ளும் பித்தளை புரூச், தலை நரைத்ததும் முடிக்கு ஒட்டவில்லை என்று தோன்ற, அதே வடிவத்தை வெள்ளியில் செய்து வாங்கினார். அது நம் இந்தியாவில் செய்தது!

இடது பக்க இலை முடிந்துவிட்டது. வலது பக்கத்துக்கு நடுநரம்பைச் சாக்பீஸால் குறித்திருக்கிறேன். கழுத்துப் பட்டைக்கு வெட்ட துணி கையகலம்தான் மிச்சம்.