அழுக்காக்கவும் ஆள் வேண்டும்

நேற்று அருங்காட்சியகத்தில் ஒரு திரைப்பட ஆடை வடிவமைப்பாளருடன் கலந்துரையாடல். நட்சத்திரங்களைப் பற்றிய கதை கேட்கலாம் என்றுதான் போனேன், ஒளிப்பானேன்.

அவர் பாதி நேரம் பேசியது அழுக்கைப் பற்றி! புதுச் சட்டையை உப்புத்தாளால் தேய்த்து, டீத்தண்ணீரில் ஊறவைத்து, முழங்கையும் காலரும் நைந்துபோகும்படி செய்து, பத்து வருடம் உடுத்தியது போல ஆக்குவதற்கென்றே தனி ஆட்கள் உண்டாம். சண்டைக் காட்சி என்றால் அதே சட்டை ஐந்தாறு வேண்டும். நடிகருக்கு, டூப்புக்கு, ரத்தம் படிந்தது, கிழிந்தது என்று. கிழிசல் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். இடம் மாறினால் எடிட்டிங்கில் மாட்டிக்கொள்ளும்.

ஆடை வடிவமைப்பாளர் பானு அதையா பற்றியும் பேச்சு வந்தது. 'காந்தி' படத்துக்காக 1983இல் ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர். பத்திரமாக இருக்கட்டும் என்று 2012இல் சிலையை அகாடமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் கண்காட்சி. என்ன இவ்வளவு இருட்டு என்று முனகினேன். பழைய துணி வெளுத்துவிடும் என்பதால் வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வைப்பார்களாம். கண் பழகியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது, ராணி உடையின் உள்மடிப்பில் கையால் போட்ட அவசரத் தையல்.