மூவ் இல்லாத ஃபைல்கள்: மார்ச் மாத மேசைக் குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

கெட்டுப்போன வீடியோவை மீட்டுத் தரச் சொல்லி 64 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று வந்திருக்கிறது, கல்யாண ரெக்கார்டிங். மண்டபத்தில் கரண்ட் போனதும், அடாப்டரில் ஓடிக்கொண்டிருந்த கேமரா சட்டென்று அணைந்துவிட்டது. கடைசி ஃபைல் 11.8 ஜிபி. விஎல்சி பிளேயரில் போட்டால் ஒரு விநாடிகூட ஓடவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவி காட்டும் பிழை ஒரே வரிதான்: மூவ் ஆட்டம் (moov atom) இல்லை, அதாவது ஃபைலுக்குள் இருக்க வேண்டிய மூவ் என்ற பெட்டி இல்லை. முகூர்த்தம் முழுக்க அந்த ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது.

முதல் வேலை, கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக்கைக் கீழே தள்ளுவது. இது வெறும் பிளாஸ்டிக் துண்டு. ரீடர் அதை மதித்தால்தான் உண்டு, சில ரீடர்கள் கண்டுகொள்வதில்லை. அதனால் விண்டோஸில் செருகவே இல்லை. செருகினால் ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா’ என்று கேட்கும், பலர் யோசிக்காமல் சரி என்று அழுத்திவிடுவார்கள். அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை, வீடியோவைக் காப்பாற்றும் வேலை அல்ல. அடையாளம் தெரியாத துண்டுகளை வெட்டி வேறு பெயரில் போட்டுவிடும்.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு முழுக் கார்டையும் இமேஜ், அதாவது பைட்டுக்குப் பைட் நகல், எடுத்தாயிற்று. முதல் சுற்றில், கெட்ட இடங்களைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம் என்ற விருப்பத்தோடு ஓட்டி, நல்ல பகுதியை எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். படிக்க முடியாத இடங்களுக்கு மட்டும் இரண்டாம் சுற்றில் 3 முறை முயற்சி. எதுவரை படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்கக் கூடாது. அது இருந்தால்தான் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்தக் கார்டில் கெட்ட செக்டர் ஒன்றும் இல்லை. இனி எல்லா வேலையும் இமேஜில்தான், கார்டு கவருக்குள்.

மார்ச் 4, செவ்வாய்

பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலின் தலையைப் பார்த்தோம். முதல் 4 பைட் நீளம், அடுத்த 4 பைட் 66 74 79 70. எம்பி4 ஃபைல் இப்படித்தான் தொடங்க வேண்டும். ஆக, தலை நன்றாக இருக்கிறது. அடுத்து வருவது எம்டாட் பெட்டி, படமும் ஒலியும் கொட்டிக் கிடக்கும் இடம். அதன் நீளம் எழுத வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். ரெக்கார்டிங் முடிந்து ஸ்டாப் அழுத்தும்போதுதான் கேமரா திரும்பி வந்து அந்த நீளத்தை நிரப்பும், ஃபைலின் வாலில் மூவ் பெட்டியையும் எழுதும். இரண்டுக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மூவ் பெட்டியில் இருப்பது கணக்கு. ஒவ்வொரு ஃபிரேமும் எந்த பைட்டில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம், எத்தனை நேரம் திரையில் நிற்க வேண்டும், எது முழு ஃபிரேம் என்பதெல்லாம் அதில்தான். அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கேதான் இருக்கிறது: படத்தின் அகலம், உயரம், சுருக்கிய முறை எல்லாவற்றையும் டிகோடருக்குச் சொல்லும் எஸ்பிஎஸ், பிபிஎஸ் என்ற இரண்டு சிறு தொகுப்புகள். பந்திக்கு எல்லாம் சமைத்தாகிவிட்டது, எந்த அண்டாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் மட்டும் வரவில்லை என்பது போன்ற நிலை.

உள்ளே உண்மையில் படம் இருக்கிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. பதிவு 50 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 50 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் விநாடிக்கு 6.25 எம்பி. 11.8 ஜிபிக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் வர வேண்டும். கேமராமேன் சொல்லும் நேரமும் அதுவே. ஃபைலின் நடுவிலும் கடைசியிலும் சில இடங்களைத் திறந்து பார்த்ததில் எங்கும் தொடர் பூஜ்யம் இல்லை. நம்பிக்கையோடு மேலே போகலாம்.

மார்ச் 5, புதன்

அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள். ஃபெடரிகோ போன்கியோ எழுதியது. அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஒரு பதிப்பு பெரிய ஃபைல்களை இன்னும் நன்றாகக் கையாள்கிறது. அதற்கு இரண்டு ஃபைல் வேண்டும்: அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று, உடைந்த ஃபைல் ஒன்று. நல்ல ஃபைலின் மூவ் பெட்டியை அச்சாக வைத்து, உடைந்த ஃபைலின் எம்டாட்டை முதல் பைட்டிலிருந்து நடந்துபோய்ப் புதுக் கணக்கு எழுதும்.

‘அதே செட்டிங்’ என்ற இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதலில் அனுப்பி வைத்த மாதிரி ஃபைல் அதே கேமராவுடையதுதான், ஆனால் விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்தது. ஓட்டினோம். பாதி நேரத்தில் படம் முடிந்துவிட்டது, ஐயர் மந்திரம் சொல்லும் வேகம் கண்கொண்டு பார்க்க முடியவில்லை, ஒலி தன் போக்கில் பின்னால் வருகிறது. ரெசல்யூஷனோ புரொஃபைலோ மாறியிருந்தால் இன்னும் மோசம்: பச்சைப் பட்டைகளும் சாம்பல் கட்டங்களும்தான் மிஞ்சும்.

உடைந்த ஃபைலின் செட்டிங்: விநாடிக்கு 25 ஃபிரேம், 1080, 50 எம்பிபிஎஸ், இரண்டு சேனல் ஆடியோ. இதே செட்டிங்கில் வேறொரு கார்டில் 1 நிமிடம் எடுத்து அனுப்பச் சொன்னோம். மாதிரி எடுப்பதற்காகப் பாதிக்கப்பட்ட கார்டையே திரும்பக் கேமராவில் போட்டு ரெக்கார்ட் அழுத்துபவர்களும் உண்டு. அழிந்தது போலத் தெரியும் இடத்தின் மேலேயே புதுப் பதிவு ஏறி உட்கார்ந்துவிடும், அதன்பின் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

புது மாதிரியோடு ஓட்டியதில் படம் வந்துவிட்டது. 9-ஆவது நிமிடத்தில் நின்றது.

மார்ச் 6, வியாழன்

ஏன் நின்றது? எச்.264 என்ற முறையில் சுருக்கிய படத்துண்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் 4 பைட் நீளமும், அடுத்து அதன் வகையைச் சொல்லும் ஒரு பைட்டும் இருக்கும். 65 என்றால் முழு ஃபிரேம், 41 அல்லது 61 என்றால் முந்தைய ஃபிரேமைச் சார்ந்தது. இப்படி அடையாளம் இருப்பதால் படத்தைத் தொடர்ந்து போவது எளிது. சிக்கல் ஆடியோவில். இந்தக் கேமரா ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் வகையில் எழுதுகிறது. பிசிஎம்முக்குத் தலைப்பு கிடையாது, வெறும் எண்கள். அந்த எண்களில் ஏதோ ஒன்று படத்துண்டின் நீளம் போலத் தோன்றினால் மென்பொருள் வழி தவறிப்போகும். கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் எண்கள் பெரிதாகத் தாவுவதால் இப்படி ஏமாற வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

நல்ல ஃபைலின் கட்டுமானத்தை எடுத்துப் பார்த்தோம். 12 ஃபிரேமுக்கு ஒரு ஒலித்துண்டு. 25 ஃபிரேம் கணக்கில் அது 0.48 விநாடி. விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவைச் சொல்லும் எண்) வீதம் 23,040 சாம்பிள், 16 பிட் இரண்டு சேனலுக்குச் சாம்பிளுக்கு 4 பைட், ஆக 92,160 பைட். தவறிய இடத்தில் ஹெக்ஸில் எண்ணிப் பார்த்தால் ஒலித்துண்டு தொடங்கி மிகச் சரியாக 92,160 பைட் தள்ளி அடுத்த படத்துண்டு நிற்கிறது. ஃபைல் கெடவில்லை, வாசித்த விதம்தான் பிசகு.

அடையாளம் தெரியாததைத் தாண்டிப் போ என்னும் விருப்பத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டியதும் கடைசி வரை போய்விட்டது. ஒரே ஒரு ஒலித்துண்டு விடுபட்டதால் அந்த இடத்துக்கு அப்பால் ஒலி 0.48 விநாடி முந்தி வருகிறது. எடிட்டிங் டைம்லைனில் அங்கே 12 ஃபிரேம் மௌனம் செருகினால் சரியாகிவிடும். சிங்க் பார்க்கத் தவிலைவிட நல்ல அளவுகோல் இல்லை. குச்சி தோலில் படும் ஃபிரேமும் ஒலி அலை எழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி, அந்த அளவுக்குப் பிசகினால் பரவாயில்லை. தொடக்கம், 9-ஆவது நிமிடம், கடைசி என மூன்று இடத்திலும் பார்த்தோம்.

மார்ச் 10, திங்கள்

வேறு கார்டு, வேறு நோய். ஃபைல் பெயர் தெரிகிறது, அளவு 0. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த கார்டில் ஃபைலின் அளவு டைரக்டரியில் பதிவாகும் முன்பே கார்டை உருவினால் இப்படி ஆகும். அன்ட்ரங்குக்குக் கொடுக்க ஃபைலே இல்லை, முதலில் அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

இமேஜ் எடுத்து, தொலைந்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் போட்டோரெக் மென்பொருளில் போட்டோம். ஃபைல் வகையில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எம்ஓவி (.mov)/எம்பி4 குடும்பத்தை மட்டும் வைத்துக்கொண்டால் குப்பை குறையும். ‘கரப்ட் ஃபைல்களையும் வைத்துக்கொள்’ என்பது வழக்கமாக இல்லை என்றே இருக்கும், அதை ஆம் என்று மாற்ற வேண்டும். மூவ் இல்லாத ஃபைல் அதன் கண்ணுக்குக் கரப்ட்தான், மாற்றாவிட்டால் நமக்கு வேண்டியதையே எறிந்துவிடும். வெளியீடு வேறு டிஸ்க்கில்.

தொடர்ச்சியாக எழுதப்பட்ட ஃபைல் என்றால் இது போதும். ஆக்‌ஷன் கேமராக்களில் பெரிய ஃபைலோடு சிறிய பிரிவ்யூ ஃபைலும் சேர்ந்தே எழுதப்படும்; இரண்டும் சடை பின்னியது போலக் கலந்து கிடக்கும். அங்கே போட்டோரெக் எடுத்துக் கொடுப்பது சில விநாடிகள்தான் ஓடும். அப்படிப்பட்ட கேமராக்கள் பலவற்றில் கார்டைத் திரும்பச் செருகி ஆன் செய்தாலே கேமரா தானாகப் பழுதுபார்க்கும் வசதி உண்டு. இமேஜ் எடுத்த பிறகு, அந்த இமேஜை இன்னொரு கார்டில் எழுதி, அதைக் கேமராவில் போட்டுப் பாருங்கள். மூலக் கார்டு தொடப்படாமல் இருக்கும்.

மார்ச் 12, புதன்

பென்டிரைவில் வந்த 3.9 ஜிபி ஃபைல். அளவு சரியாக இருக்கிறது, 1.6 ஜிபிக்கு அப்பால் முழுக்க 00. காப்பி ஆகி முடியும் முன்பே பிடுங்கியிருக்கிறார்கள். இடம் ஒதுக்கப்பட்டது, தரவு வந்து சேரவில்லை. வந்து சேராத அந்தப் பகுதிக்கு எந்த மென்பொருளும் பயன்படாது, பணம் வாங்கும் மென்பொருளும்தான். காப்பி எடுத்த கம்ப்யூட்டரில் மூலம் இருக்கிறதா என்று உடனே தேடச் சொல்லியாயிற்று.

நேரலை ரெக்கார்டிங் ஒன்றும் வந்தது, டிஎஸ் ஃபைல், பாதியில் அறுந்தது. 188 பைட்டுக்கு ஒருமுறை 47 என்ற பைட் ஒழுங்காக வருகிறது. இந்த வகைக்கு வாலில் கணக்குப் புத்தகம் தேவையில்லை, ஒவ்வொரு பாக்கெட்டும் தன் தகவலைத் தானே சுமக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் மறுசுருக்கம் இல்லாமல் எம்பி4-க்கு மாற்றியதும் வேலை முடிந்தது. ஓபிஎஸ் என்ற மென்பொருளில் பதிவு செய்பவர்கள் எம்கேவி வகை ஃபைலில் பதிந்து, முடிந்ததும் ரீமக்ஸ் (இதேபோல் மறுசுருக்கம் இல்லாமல் எம்பி4-க்கு மாற்றுவது) செய்துகொண்டால் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது கையில் இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

முகூர்த்த ஃபைல் முழுவதும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து ஒப்படைத்தோம். கார்டு லாக் தள்ளிய நிலையிலேயே போகிறது. ஆல்பம் வீடியோ முடியும் வரை ஃபார்மட் செய்ய வேண்டாம் என்று கவரில் எழுதியிருக்கிறது. இமேஜ் இங்கே டிஸ்க்கில் இருக்கும். அந்தக் கேமராவின் 1 நிமிட மாதிரியையும், மாடல், ஃபிரேம், பிட்ரேட், ஆடியோ வகை நான்கையும் ஃபைல் பெயரிலேயே எழுதி, மாதிரிகள் ஃபோல்டரில் சேர்த்தாயிற்று.